பால் சங்கத்தின் ஐஸ் பேங்குக்கு எந்த விருது? எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்கள் பால் சங்கம். காலையில் 900 லிட்டர், சாயங்காலம் 600 லிட்டர் பால் வருகிறது. கூரையில் 10 கிலோவாட் சோலார் இருக்கிறது. பகலில் ஐஸ் கட்டிவைத்துச் சாயங்காலப் பாலைக் குளிரவைக்க ஒரு ஐஸ் பேங்க் போட்டிருக்கிறோம். உறுப்பினர் வீடுகளில் 30 சாண எரிவாயுக் கலன்கள் உண்டு. புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் முன்னோடிகளுக்கு விருது என்கிறார்களே, அதில் எதற்கு நாங்கள் போடலாம்? எதை எழுதினால் எடுபடும்?

பதில்:

தாராளமாகப் போடலாம். ஆனால் மூன்றையும் ஒரே விண்ணப்பத்தில் சரிசமமாக அடைக்காதீர்கள். 10 கிலோவாட் கூரைச் சோலார் இன்று கேரளத்தில் கல்யாண மண்டபத்துக்கும் இருக்கிறது. அதை வைத்து முன்னோடி என்றால் நடுவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். உங்களிடம் இருக்கும் அபூர்வச் சரக்கு ஐஸ் பேங்க்தான். அதை முன்னால் நிறுத்துங்கள். சோலார் அதற்குத் துணையாக வரட்டும், சாண எரிவாயு ஒரு பக்கத்துக்குள் அடங்கட்டும்.

மாநில அளவில் உங்களுக்கு இரண்டு வாசல்கள். புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான மாநில நிறுவனமான அனெர்ட் வழியாக மாநில அரசு தரும் அக்ஷய ஊர்ஜ விருது ஒன்று. திருவனந்தபுரம் எனர்ஜி மேனேஜ்மென்ட் சென்டர் நடத்தும் மாநில எரிசக்திச் சேமிப்பு விருது இன்னொன்று. முன்னது சூரியன், காற்று, சாணம் போன்றவற்றிலிருந்து ஆற்றல் எடுப்பவர்களுக்கு. பின்னது இருக்கிற கரண்டைக் குறைவாகச் செலவழிப்பவர்களுக்கு. நீங்கள் போக வேண்டியது முதலாவதற்கு. ஏன் இரண்டாவது வேண்டாம் என்பது ஐஸ் பேங்க் கணக்கைப் பார்த்தால் புரியும், கீழே சொல்கிறேன். பிரிவுகளும் கடைசித் தேதியும் ஆண்டுதோறும் மாறும் என்பதால், அந்த ஆண்டு அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பிரிவைத் தேர்ந்தெடுங்கள். போன வருஷத்துப் படிவத்தைப் பார்த்து எழுதினால் பிரிவு மாறிப்போய் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள்.

தேசிய அளவில் மத்திய மின்துறை அமைச்சகம் 1991-இல் தொடங்கிய விருது ஒன்று உண்டு; இப்போது எரிசக்திச் சிக்கன அமைப்பு (பி.இ.இ.) வழியாக டிசம்பர் 14-ஆம் தேதி தருகிறார்கள். அங்கே சிமென்ட் ஆலையும் அனல்மின் நிலையமும் வந்து நிற்கும். இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

வெளிநாட்டு விருதுகளில் பிரிட்டனின் சுற்றுச்சூழல் பரிசான எர்த்ஷாட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். 2021 முதல் ஆண்டுக்கு ஐந்து பேருக்குத் தலா 10 லட்சம் பவுண்டு. அதற்கு நாமாக விண்ணப்பம் போட முடியாது. அவர்கள் நியமித்திருக்கும் பரிந்துரையாளர்கள் பெயர் கொடுத்தால்தான் பரிசீலனைக்கு வரும். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய சக்தி இஸ்திரி வண்டிக்காக 2021-இல் அதன் இறுதிச் சுற்று வரை போனார். அதற்கு முந்தைய வருஷமே சுவீடனில் தரும் சிறுவர் காலநிலைப் பரிசை வாங்கியிருந்தார். சின்ன விருது ஒன்று கையில் இருந்தால் பெரிய இடத்தில் பேர் அடிபடும்; பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது. நீடித்த வளர்ச்சிக்காக அபுதாபி தரும் சாயித் பரிசில் பள்ளிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதில் இனிமேல் செய்யப்போகும் திட்டத்தையே எழுதி அனுப்பலாம். சங்கத்துக்கு அது பொருந்தாது, பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் காதில் போட்டுவையுங்கள்.

கண்டுபிடிப்புக்குத் தரும் பரிசுகள் வேறு ரகம். உங்கள் பேனலின் பின்பக்க லேபிளில் மோனோ பெர்க் என்று இருக்கிறதா பாருங்கள். செல்லின் முதுகில் ஒரு மெல்லிய படலம் போட்டு, வீணாகும் வெளிச்சத்தையும் மின்னூட்டத்தையும் மீட்கும் அந்த முறைக்காக மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஐஹுவா வாங், ஜியான்ஹுவா ஜாவோ நால்வருக்கும் 2023-இல் பிரிட்டனின் குயின் எலிசபெத் பொறியியல் பரிசு கிடைத்தது. ஆய்வுக்கூடத்தில் அது பிறந்தது 1980-களில். மறு ஆண்டு அதே பரிசு காற்றாலை நுட்பத்துக்காக ஹென்ரிக் ஸ்டீஸ்டாலுக்கும் ஆண்ட்ரூ காராடுக்கும் போனது. நமக்கு அங்கே வேலையில்லை. ஆனால் படிவத்தில் "புதுமை" என்று ஒரு கட்டம் இருந்தால், அதில் பேனலின் பெருமையை எழுதாதீர்கள். அது அவர்கள் கணக்கில் ஏற்கெனவே வரவாகிவிட்டது.

நம் பக்கத்தில் வாங்கியவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்று பாருங்கள். கொச்சி விமான நிலையம் 2013-இல் கூரையில் 100 கிலோவாட் போட்டுப் பார்த்தது, 2015 ஆகஸ்டில் 12 மெகாவாட்டை ஓடவிட்டது. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் பூமியின் சாம்பியன் விருது வந்தது 2018-இல். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் ஓடும் ஆதித்யா சோலார் படகு, 75 பேர் உட்காரக்கூடியது, 20 கிலோவாட் பேனல். 2017 ஜனவரியில் தண்ணீரில் இறங்கியது. மின்படகுகளுக்கான குஸ்தாவ் ட்ரூவே விருது வாங்கியது 2020-இல். திருவனந்தபுரம் பயோடெக் சமையல் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் கலன்களை வீடு வீடாக வைத்தது. 2007-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது வந்தபோது வீட்டுக் கலன்கள் மட்டுமே ஏறக்குறைய 12,000 இருந்தன. இவர்களில் யாரும் பேனலையோ எரிவாயுக் கலனையோ கண்டுபிடிக்கவில்லை. வேறிடத்தில் இருந்த பொருளை யாரும் வைக்காத இடத்தில் வைத்து, வருஷக்கணக்கில் ஓட்டி, அந்த ஓட்டத்துக்குக் கணக்கு வைத்திருந்தார்கள். விண்ணப்பத்தில் உங்களிடம் கேட்கப்போவதும் அந்தக் கணக்கைத்தான்.

சோலார் கணக்கில் நடக்கும் தவறு கிட்டத்தட்ட எல்லா விண்ணப்பத்திலும் ஒன்றேதான். சங்கத்தில் இரண்டு மீட்டர் இருக்கும். ஒன்று சோலார் மீட்டர், பேனல் மொத்தம் எவ்வளவு தந்தது என்று காட்டும். இன்னொன்று நெட் மீட்டர், மாநில மின்வாரியமான கே.எஸ்.இ.பி.யிடமிருந்து வாங்கியதையும் அவர்களுக்குக் கொடுத்ததையும் தனித்தனியாகக் காட்டும். பலரும் கொடுத்த யூனிட்டையே உற்பத்தி என்று எழுதிவிடுகிறார்கள். உற்பத்தியிலிருந்து கொடுத்ததைக் கழித்தால் நீங்களே பயன்படுத்தியது வரும். அதோடு வாங்கியதைக் கூட்டினால் சங்கத்தின் மொத்தச் செலவு. இன்வெர்ட்டர் செயலியில் வரும் எண்ணைப் போடாதீர்கள், அது மீட்டரைவிடச் சற்றுக் கூடுதலாகவே காட்டும். மீட்டர் எண்ணும் பில்லும் ஒத்துப்போக வேண்டும்.

பன்னிரண்டு மாதக் கணக்கு கட்டாயம் வேண்டும். மார்ச் மாதத்தை மட்டும் எடுத்துப் பன்னிரண்டால் பெருக்கினால், ஜூன், ஜூலையில் கணவாய் வழியாக வரும் மேகம் என்ன செய்யும் என்று பாலக்காட்டு நடுவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் பகுதியில் நன்றாக ஓடும் அமைப்பு ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும். 10 கிலோவாட்டுக்கு 14,000. ஆண்டின் 8,760 மணி நேரமும் முழு வேகத்தில் ஓடியிருந்தால் 87,600 வந்திருக்கும். அதில் இது 16 சதவீதம். இந்தச் சதவீதத்தைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். 12-க்குக் கீழே போனால் காரணத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். பெரும்பாலும் தென்னைதான் காரணம். ஒரு மட்டையின் நிழல் ஒரே பேனலில் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் இழுபடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை கிழக்கிலிருந்து கணவாய்க்குள் அடிக்கும் வறண்ட காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்து கண்ணாடியில் அப்பிவிடும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பு வெள்ளையாகப் படியும். மழைநீரைத் தொட்டியில் பிடித்துவைத்துக் கழுவுங்கள். கழுவிய தேதியையும் நோட்டில் எழுதுங்கள், அதற்கு முந்தைய நாளும் பிந்தைய நாளும் உற்பத்தி எவ்வளவு என்று பக்கத்தில் போட்டால் அதுவே ஒரு சான்று.

இனி ஐஸ் பேங்க். இதைத்தான் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் பொய்க் கணக்கில் விழுகிறார்கள்.

சாயங்காலம் வரும் 600 லிட்டர் பாலின் எடை சுமார் 618 கிலோ. 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க வேண்டிய வெப்பம் ஏறக்குறைய 75,000 கிலோஜூல், அதாவது 21 யூனிட் வெப்பம் (ஒரு யூனிட் என்பது 3,600 கிலோஜூல்). ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் இழுத்துக்கொள்ளும். ஆகவே 225 கிலோ ஐஸ் வேண்டும். தொட்டிச் சுவர், பம்ப், கலக்கி வழியாகப் போகும் நஷ்டத்தையும் சேர்த்தால் 250 கிலோவுக்கு மேல் கட்டவேண்டியிருக்கும்.

கரண்ட் எவ்வளவு? சாதாரண பல்க் கூலரில், அதாவது பாலை மொத்தமாக ஊற்றிவைக்கும் குளிர்தொட்டியில், பாலை நேரடியாகக் குளிரவைத்தால் கம்ப்ரசர் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும். 600 லிட்டருக்கு 7 முதல் 8 யூனிட் போதும். ஐஸ் கட்ட கம்ப்ரசர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டுப் பத்து டிகிரி வரை இறங்க வேண்டும். அங்கே அதன் திறன் யூனிட்டுக்கு இரண்டு என்று விழுந்துவிடும். நஷ்டத்தையும் சேர்த்தால் 11 முதல் 12 யூனிட். தினமும் மூன்று நான்கு யூனிட் கூடுதல் செலவு, வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். ஆக, ஐஸ் பேங்க் கரண்டை மிச்சப்படுத்தவில்லை, அதிகமாகவே தின்கிறது. எரிசக்திச் சேமிப்பு விருது உங்களுக்கு வேண்டாம் என்றது இதனால்தான். "30 சதவீதம் மின் சேமிப்பு" என்று இயந்திரம் விற்றவர் கொடுத்த துண்டறிக்கையைப் பார்த்து எழுதினால், குளிர்பதனம் படித்த ஒரு நடுவர் போதும், விண்ணப்பம் அங்கேயே படுத்துவிடும்.

அப்படியானால் எதைச் சொல்வது? நேரத்தை. கேரளத்தில் மின்வாரியத்துக்கு மூச்சுமுட்டும் நேரம் மாலை 6 முதல் இரவு 10 வரை. சோலார் அப்போது படுத்துவிட்டிருக்கும். ஐஸ் பேங்க் இல்லாவிட்டால் உங்கள் கம்ப்ரசர் நான்கரை மணிக்குத் தொடங்கி ஏழு, ஏழரை வரை இழுக்கும். இப்போது அது காலை பத்து முதல் இரண்டு மணி வரை, கூரை பொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஓடுகிறது. சாயங்காலம் ஓடுவது முக்கால் கிலோவாட் பம்ப் மட்டும்தான். சூரிய மின்சாரத்தை பேட்டரி இல்லாமல் ஐஸாகச் சேர்த்துவைக்கிறோம், அதற்கு விலையாகத் தினமும் மூன்று நான்கு யூனிட் கொடுக்கிறோம் என்று ஒளிக்காமல் எழுதுங்கள். கூடுதல் செலவை நீங்களே சொல்லும்போது மற்ற எண்களுக்கும் நம்பகம் ஏறும்.

இதை நிரூபிக்கக் கம்ப்ரசர் லைனில் தனியாக ஒரு மூன்று ஃபேஸ் எனர்ஜி மீட்டர் வேண்டும். மெயின் மீட்டர் விளக்கு, கம்ப்யூட்டர், பால் பரிசோதனைக் கருவி எல்லாவற்றையும் கலந்து காட்டும், அதிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அந்தத் தனி மீட்டரை நாளுக்கு மூன்று முறை, காலை 6, மாலை 6, இரவு 10 மணிக்குப் பார்த்து எழுதுங்கள். மாலைக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியிருந்தால் வேலை முடிந்தது. கூடவே பால் அளவு, பால் வந்த வெப்பநிலை, குளிர்ந்த வெப்பநிலை. ஒரு மாதம் வேண்டுமென்றே ஐஸ் பேங்கை நிறுத்தி, பழைய முறையில் ஓட்டி, அந்தக் கணக்கையும் எடுத்துவையுங்கள். பழைய வருஷத்துப் பில்லைக் காட்டி ஒப்பிடுவதைவிட இது பல மடங்கு வலுவானது, ஏனென்றால் வருஷத்துக்கு வருஷம் பால் வரத்து மாறும்.

இரண்டாவது பலன் பாலின் தரம். ஐஸ் தண்ணீர் ஓடும் தகட்டுக் குளிர்விப்பான் வழியாகப் போகும் பால் போகிற போக்கிலேயே 4 டிகிரிக்கு இறங்கும். பல்க் கூலரில் அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதற்குள் கிருமி பெருகும். பாலில் கிருமி எவ்வளவு என்று காட்டும் மெத்திலீன் நீலச் சோதனையில் நிறம் மாற எடுக்கும் நேரம் நீண்டிருக்கிறதா என்று பழைய பதிவேட்டோடு ஒப்பிட்டுப் போடுங்கள்.

கரண்ட் போகும்போது நடப்பதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. "சோலார் வந்த பிறகு டீசல் மிச்சம்" என்று எழுதும் வழக்கம் இருக்கிறது. நெட் மீட்டரோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், லைனில் கரண்ட் போனதும் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே கரண்ட் இல்லாத நேரத்தில் சோலார் ஒரு துளி டீசலையும் மிச்சப்படுத்தாது. உங்களுக்கு டீசல் மிச்சமானது ஐஸ் பேங்கால். ஜெனரேட்டரில் கம்ப்ரசரை ஓட்டாமல் பம்பை மட்டும் ஓட்டினால் போதும் என்பதால். சிறிய செட்டில் ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட் அளவில்தான் கிடைக்கும். டீசல் பில்லும் ஜெனரேட்டரின் மணிக்கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

நடுவர் குழு நேரில் வந்தால் ஐஸ் தொட்டியைத் திறக்கச் சொல்வார்கள். ஐஸ் குழாய்களைச் சுற்றித் தனித்தனி உறையாக நிற்க வேண்டும். கனம் பார்க்கும் சென்சார் கெட்டுப்போனால் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களின் ஐஸ் ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும். தண்ணீர் உள்ளே நுழைய வழியில்லாமல் மேலோடு சுற்றித் திரும்பும். தொட்டி நிறைய ஐஸ் இருந்தும் பால் 9 டிகிரியிலேயே நிற்கிறது என்றால் இதுதான் கோளாறு. முழுவதும் உருகவிட்டு, சென்சாரைச் சரிசெய்து, மறுபடி கட்டுங்கள்.

சாண எரிவாயுவில் எத்தனை கலன் வைத்தோம் என்பது எண்ணிக்கையே இல்லை, எத்தனை எரிகிறது என்பதுதான். 25 கிலோ சாணத்துக்கு ஒரு கன மீட்டர் வாயு. இரண்டு கன மீட்டர் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும், அதாவது நான்கைந்து மாடு. உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேரிடம் இரண்டு மாடுதான் இருக்கும். அந்த வீட்டில் கிடைப்பது 0.8 கன மீட்டர், சமையல் சிலிண்டர் கணக்கில் 350 கிராம், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று நாற்பது நாளில் மிச்சமாகும். கலனின் கொள்ளளவை வைத்துக் கணக்குப் போட்டால் இதுவே பதினாறு நாள் என்று வரும், மோசடிபோலத் தெரியும். வீட்டுக்கு வீடு சிலிண்டர் பதிவுத் தேதிகளை, கலன் வைப்பதற்கு முந்தைய வருஷமும் பிந்தைய வருஷமும் எடுத்துப் போடுங்கள்.

எரியாத கலன்களையும் காரணத்தோடு எழுதுங்கள். தொழுவத்தை ஃபினாயில் ஊற்றிக் கழுவிய தண்ணீர் கலனுக்குள் போனால் நுண்ணுயிர் செத்துவிடும். மடிவீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் சாணமும் அதே வேலையைச் செய்யும். ஹோஸ் பிடித்துக் கழுவும் தொழுவத்தில் தண்ணீர் கூடிப்போய், சாணம் செரிக்கும் முன்பே வெளியே தள்ளப்படும். (வட்டவடை, காந்தளூர் பக்கத்துச் சங்கங்கள் இதைப் படித்தால்: அங்கே டிசம்பர், ஜனவரிக் குளிரில் வாயு விழுவது இயல்பு, 15 டிகிரிக்குக் கீழே நுண்ணுயிர் ஏறக்குறைய தூங்கிவிடும். அந்த மாதங்களைத் தனியாகக் காட்டுங்கள்.)

கார்பன் கணக்குக்கு ஒரு வரி போதும். மத்திய மின்சார ஆணையத்தின் மின்தொகுப்பு மதிப்பு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆண்டுக்காண்டு சற்று மாறும். 14,000 யூனிட்டுக்கு ஏறக்குறைய 10 டன். எந்த ஆண்டு மதிப்பை எடுத்தீர்கள் என்று பக்கத்தில் குறியுங்கள். "இத்தனை மரம் நட்டதற்குச் சமம்" என்ற வரியை விட்டுவிடுங்கள், அதைப் படித்துப் படித்து நடுவர்களுக்குச் சலித்துவிட்டது.

காகிதங்களில் முக்கியமானவை: பொதுக்குழுத் தீர்மானம், நெட் மீட்டர் ஒப்பந்தம், மானியம் வாங்கியிருந்தால் அனுமதிக் கடிதம், தணிக்கை அறிக்கை, பன்னிரண்டு மாத பில். மானியத்தை மறைக்காதீர்கள், அது அரசின் ஏட்டிலேயே இருக்கிறது. மொழியைப் பற்றித் தயங்குகிறவர்களுக்கு: மொழிச் சிறுபான்மையினர் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களில் தமிழர்கள் அரசு அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுத 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. விளக்கம் கேட்கவும் தகவல் கேட்கவும் அதைப் பயன்படுத்துங்கள். விருது விண்ணப்பத்தை மட்டும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ கொடுங்கள். உரிமை இருந்தாலும், மொழிபெயர்ப்புக்குப் போய்வரும் விண்ணப்பத்தில் எண்கள் இடம் மாறும்.

உங்கள் பெயர் எங்காவது ஒருமுறை செய்தியில் வந்துவிட்டால் "தேசியப் பசுமை முன்னோடி விருதுக்குத் தேர்வாகியிருக்கிறீர்கள்" என்று மின்னஞ்சல் வரத் தொடங்கும். நட்சத்திர ஓட்டலில் விழா, மேடைக் கட்டணம், ஷீல்டுக்குத் தனிக் காசு. நீங்கள் விண்ணப்பிக்காமலே, உங்கள் மீட்டரை யாரும் பார்க்காமலே வருகிற விருது என்றால் பதில் போடாதீர்கள். பிற்பாடு உண்மையான விண்ணப்பத்தில் "முன்பு பெற்ற விருதுகள்" கட்டத்தில் அதை எழுதினால் மற்ற வரிகளின் மதிப்பும் சேர்ந்து குறையும்.

ஐஸ் பேங்க் ஓடத் தொடங்கிப் பன்னிரண்டு மாதம் ஆகவில்லையென்றால் இந்த வருஷத்தை விட்டுவிடுங்கள், மீட்டரை மட்டும் இன்றே மாட்டுங்கள். நேரடி ஆய்வுக்கு நாள் கேட்டால் சாயங்காலம் நான்கு மணியைச் சொல்லுங்கள். காலையில் வந்தால் அவர்கள் பார்ப்பது ஒரு தொட்டி ஐஸ் மட்டும். நான்கு மணிக்கு வந்தால் கேனிலிருந்து ஊற்றும் பாலில் ஒரு தெர்மாமீட்டர், தகட்டுக் குளிர்விப்பானைத் தாண்டி வரும் பாலில் ஒரு தெர்மாமீட்டர், நடுவில் ஓடாமல் நிற்கும் கம்ப்ரசர் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் காட்டலாம்.